டெல்லி குளிரில் உடற்பயிற்சி: காலை 6 மணி ஏன் தவறான நேரம்? எப்போது, எங்கே செய்யலாம்?

வேலைக்காக டெல்லி, குர்கான், நொய்டா பக்கம் குடிவந்த தமிழர்கள் பலருக்கும் முதல் குளிர்காலத்தில் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். அக்டோபர் வரை ஒழுங்காக நடப்பார்கள், ஓடுவார்கள். தீபாவளி முடியும். காலை 6 மணிக்கு அலாரம் அடித்தால் வெளியே கும்மிருட்டு. ரஜாயை விட்டு வெளியே வந்த கால் உடனே உள்ளே போய்விடும். 'சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று நவம்பரில் ஆரம்பிப்பது, பிப்ரவரி கடைசியில் பேன்ட் இறுகும்போதுதான் முடியும். வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விடுகிறது.

இதற்கிடையில் ஊரிலிருந்து அம்மா போன் செய்வார். "காலைல சீக்கிரம் எழுந்து ஒரு ரவுண்டு நடந்துட்டு வாப்பா, எல்லாம் சரியாயிடும்." சென்னைக்கும் மதுரைக்கும் அது நல்ல யோசனை. ஆனால் டெல்லியில் நவம்பர் முதல் ஜனவரி வரை அதை அப்படியே பின்பற்றினால், நாளின் மோசமான காற்றை நாளின் அதிக வேகத்தில் உள்ளே இழுப்பதாக ஆகிவிடும்.

அதற்காக நான்கு மாதம் சும்மா இருப்பதும் வழியில்லை. நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் பழக்கத்தைக் காப்பாற்றலாம். எப்படி என்பதை எண்களோடு பார்ப்போம்.

டெல்லியில் எவ்வளவு இருட்டு, எவ்வளவு குளிர்?

டிசம்பர் 21 வாக்கில் டெல்லியில் சூரியன் உதிப்பது காலை சுமார் 7.10 மணிக்கு. மறைவது மாலை சுமார் 5.30-க்கு. பகல் பொழுது ஏறக்குறைய 10 மணி 20 நிமிடம். அதே நாளில் சென்னையில் சூரிய உதயம் சுமார் 6.25, அஸ்தமனம் சுமார் 5.50. பகல் பொழுது 11 மணி 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்.

வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி காலையில் போகிறது. மாலையில் 20 நிமிடம்தான் குறைகிறது, காலையிலோ முக்கால் மணி நேரம். ஜனவரி முதல் பாதியில் உதயம் இன்னும் கொஞ்சம் தள்ளி, 7.15 ஆகிவிடும். சென்னையில் 6.30-க்கு வெளிச்சத்தில் நடந்து பழகியவருக்கு டெல்லியில் அதே நேரம் கிட்டத்தட்ட ராத்திரி மாதிரி.

இப்போது வெப்பநிலை. ஜனவரியில் டெல்லியின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7 முதல் 8 டிகிரி செல்சியஸ். அதிகபட்சம் சுமார் 20 டிகிரி. சென்னையில் ஜனவரி மாதக் குறைந்தபட்சமே சுமார் 21 டிகிரி.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெல்லியின் ஜனவரி மதியமும் சென்னையின் ஜனவரி விடியற்காலையும் வெப்பநிலையில் ஏறக்குறைய ஒன்று. அம்மா சொல்லும் அந்த 'இதமான காலை நடை' டெல்லியிலும் இருக்கிறது. மதியம் 3 மணிக்கு இருக்கிறது.

காலைக் காற்று ஏன் இவ்வளவு மோசம்?

'அதிகாலைக் காற்று சுத்தமான காற்று' என்பது நாம் கேட்டு வளர்ந்தது. வட இந்தியக் குளிர்காலத்தில் நிலைமை நேர் எதிர்.

சாதாரணமாகத் தரைக்கு அருகில் உள்ள காற்று சூடாகவும், மேலே போகப் போகக் குளிர்ந்தும் இருக்கும். சூடான காற்று மேலே எழும்பும்போது புகையையும் தூசியையும் கூடவே தூக்கிக்கொண்டு போய்விடும். குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதற்கு மேல் ஒப்பீட்டளவில் சூடான காற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி. காற்றும் பெரிதாக வீசாது. வாகனப் புகை, இரவு ஓடும் லாரிகள், குளிர் காய்வதற்காகத் தெருவோரம் எரிக்கும் குப்பை, எல்லாமே அந்த மூடிக்குக் கீழே அடைபட்டுவிடும்.

போகி அன்று காலை சென்னையில் இருந்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். பழைய பொருட்களை எரித்த புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும், எதிரே வருபவர் தெரியமாட்டார். சென்னையில் அது ஒரு காலைப்பொழுது. டெல்லியில் வாரக்கணக்கு.

சூரியன் ஏறி, தரை சூடாகி, அந்த மூடி விலகக் காலை 10, 11 மணி ஆகிவிடும். அதன் பிறகு மாசு மெல்லக் குறைந்து, பொதுவாக மதியம் 2 முதல் 4 மணி வரை நாளின் குறைந்த அளவுக்கு வரும். சூரியன் மறைந்ததும் மறுபடி ஏற ஆரம்பிக்கும். மாலை டிராஃபிக்கும் அதோடு சேர்ந்துகொள்ளும். அதனால் 'காலைல முடியல, ஆபீஸ் முடிஞ்சு 8 மணிக்கு ஓடிக்கிறேன்' என்பதும் பெரிய முன்னேற்றம் இல்லை.

இதில் விளையாட்டு உலகமே தேதியை மாற்றியிருக்கிறது. 2017 நவம்பர் 19 அன்று நடக்கவிருந்த டெல்லி அரை மாரத்தானைத் தள்ளிவைக்கச் சொல்லி இந்திய மருத்துவச் சங்கம் கேட்டது. போட்டி நடந்தது. ஆனால் அடுத்த ஆண்டு அது அக்டோபருக்கு மாறியது. அதன் பிறகும் பெரும்பாலும் அக்டோபர்தான். அதே 2017-ல், டிசம்பர் மாதம் டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் நடந்த டெஸ்டில் இலங்கை வீரர்கள் மாஸ்க் அணிந்து ஃபீல்டிங் செய்ததும், ஆட்டம் நடுவில் நின்றதும் பலருக்கு நினைவிருக்கும்.

ஓடும்போது எவ்வளவு மாசு உள்ளே போகிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறோம். வேகமாக நடக்கும்போது அது 30 லிட்டர் பக்கம் போகலாம். ஓடும்போது 60 லிட்டரையும் தாண்டலாம். போதாக்குறைக்கு, மூச்சு வாங்கும்போது வாய் வழியாகச் சுவாசிப்பதால் மூக்கின் வடிகட்டலும் கிடைக்காது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். பி.எம் 2.5 என்பது 2.5 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறிய, நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய துகள்கள். காலை 6 மணிக்கு அதன் அளவு ஒரு கன மீட்டருக்கு 300 மைக்ரோகிராம் என்றும், மதியம் 3 மணிக்கு 120 என்றும் வைத்துக்கொள்வோம். பயிற்சி 45 நிமிடம்.

- காலை 6 மணி, ஓட்டம்: 2.7 கன மீட்டர் காற்று, 810 மைக்ரோகிராம் துகள்
- மதியம் 3 மணி, ஓட்டம்: அதே 2.7 கன மீட்டர், 324 மைக்ரோகிராம்
- மதியம் 3 மணி, வேக நடை: 1.35 கன மீட்டர், 162 மைக்ரோகிராம்
- ஏர் ப்யூரிஃபையர் ஓடும் அறையில் (அளவு 30 என்றால்) அதே வேகத்தில் பயிற்சி: 81 மைக்ரோகிராம்

நேரத்தை மாற்றியதில் பாதிக்கு மேல் குறைந்தது. ஓட்டத்தை நடையாக மாற்றியதில் அதிலும் பாதி குறைந்தது. எண்கள் நாளுக்கு நாள் மாறும். ஆனால் எது எதைவிடப் பரவாயில்லை என்ற வரிசை பெரும்பாலும் இதுதான்.

அப்போ பேசாம சும்மா இருந்துடலாமா?

கூடாது. அதற்கும் விலை உண்டு.

2024-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வின்படி, 2022-ல் இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள். 2000-ல் இது சுமார் 22 சதவீதமாக இருந்தது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதய நோய் என்று இந்தப் பட்டியல் எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியும்.

மாசும் பயிற்சியும் மோதும்போது எது ஜெயிக்கும்? 2016-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு இதைக் கணக்கிட்டது. டெல்லி மாதிரியான நகரத்தில்கூட, வாரத்துக்கு 5 மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினால்தான் மாசின் கெடுதல் பயிற்சியின் நன்மையைத் தாண்டும் என்பது முடிவு. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அது ஆண்டுச் சராசரி மாசையும் நீண்டகால விளைவையும் வைத்துப் போட்ட கணக்கு. நவம்பரின் மிக மோசமான ஒரு நாளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

மறுபக்கம், 2021-ல் 'யூரோப்பியன் ஹார்ட் ஜர்னல்' இதழில் தென்கொரிய நகரங்களில் வாழும் 20 முதல் 39 வயது வரையிலான ஏறக்குறைய 15 லட்சம் பேரைப் பற்றிய ஆய்வு வந்தது. மாசு அதிகமுள்ள இடங்களில் பயிற்சியை அதிகப்படுத்திய இளைஞர்களுக்கு இதய நோய் அபாயம் கூடியிருந்ததாக அது சொல்கிறது. 'எனக்கு 28 வயசுதான், ஒண்ணும் ஆகாது' என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய வயது வரம்பு அது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: பயிற்சியை விடாதீர்கள், ஆனால் கெட்ட காற்றில் கடுமையான பயிற்சி செய்யாதீர்கள்.

ஆப்பில் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும்?

இங்கே மூன்று குழப்பங்கள் உண்டு.

முதலாவது, ஏ.க்யூ.ஐ எனப்படும் காற்றுத் தரக் குறியீடு பெரும்பாலும் 24 மணி நேரச் சராசரி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணி நிலவரமாக வெளியிடுவது அதைத்தான். 'இப்போது வெளியே போகலாமா' என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் உங்கள் வீட்டுக்கோ ஆபீஸுக்கோ அருகில் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, மணிக்கு மணி மாறும் பி.எம் 2.5 அளவைப் பாருங்கள்.

இரண்டாவது, தனியார் ஆப்கள் பல அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. பி.எம் 2.5 அளவு 60 என்றால் இந்திய அளவுகோலில் குறியீடு 100, அமெரிக்க அளவுகோலில் 150-க்கு மேல். ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பில் ஆளுக்கொரு எண் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, இந்திய அளவுகோல் 500-ல் நின்றுவிடும். 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் 24 மணி நேரச் சராசரி 490-ஐத் தாண்டியது. அந்த மாதிரி நாட்களில் உண்மையான துகள் அளவு இன்னும் எங்கோ மேலே இருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க: 24 மணி நேரச் சராசரிக்கு இந்தியாவின் வரம்பு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார அமைப்பின் வரம்பு 15.

இந்திய அளவுகோலை வைத்து, ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் இப்படி முடிவெடுக்கலாம்:

- 100 வரை: வெளியே ஓடலாம், நடக்கலாம்.
- 101 முதல் 200: வெளியே பயிற்சி செய்யலாம். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும்.
- 201 முதல் 300: ஓட்டம் வீட்டுக்குள். வெளியே என்றால் மதியத்தில் சின்ன நடை மட்டும்.
- 301 முதல் 400: வெளியே பயிற்சி வேண்டாம். கடைக்கோ மெட்ரோவுக்கோ நடப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.
- 401-க்கு மேல்: ஆரோக்கியமானவர்களையும் பாதிக்கும் என்று அளவுகோலே சொல்லும் நிலை. எல்லாமே வீட்டுக்குள், அதுவும் மிதமாக.

10-லிருந்து 7 வரை ஆபீஸ். மதியம் 3 மணிக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்வது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. கூடவே வாரம் 2 நாளாவது தசைக்கான பயிற்சி. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை 2020-ல் எடுக்கப்பட்டுவிட்டது. துண்டு துண்டாகச் செய்தாலும் சேரும். அதை வைத்து ஒரு வாரம்:

- திங்கள் முதல் வெள்ளி: லஞ்ச் பிரேக்கில் 15 நிமிட வேக நடை. மொத்தம் 75 நிமிடம்.
- செவ்வாய், வியாழன்: வீட்டில் 20 நிமிடம் புஷ்-அப், ஸ்குவாட், பிளாங்க். தசைக்கான 2 நாள் முடிந்தது.
- சனி, ஞாயிறு: மதியம் 3 மணிக்குத் தலா 40 நிமிடம். லோதி கார்டன், நேரு பார்க், ஹவுஸ் காஸ் மான் பூங்கா, அல்லது உங்கள் சொசைட்டிக்குள். மொத்தம் 80 நிமிடம்.

நடை மட்டும் 155 நிமிடம். 'வேகம்' என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மாசு அதிகமான நாளில் அதே 15 நிமிடத்தை ஆபீஸ் படிக்கட்டிலோ தாழ்வாரத்திலோ முடித்துக்கொள்ளலாம்.

அதுவும் முடியாத வாரங்களில்? 2022-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வில், தனியாக உடற்பயிற்சி எதுவும் செய்யாத சுமார் 25,000 பிரிட்டன்வாசிகளைக் கைப்பட்டைக் கருவி மூலம் கவனித்தார்கள். வேகமாகப் படியேறுவது மாதிரி மூச்சு வாங்கும் 1, 2 நிமிட வேலைகள் நாளுக்கு 3 முறை செய்தவர்களிடம், அப்படி எதுவும் செய்யாதவர்களைவிட இறப்பு அபாயம் 40 சதவீதம் அளவுக்குக் குறைவாகக் காணப்பட்டது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, படியேறியதுதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆனாலும் நாலு மாடிக்கு லிஃப்ட் வேண்டாம் என்று முடிவெடுக்க இது போதும். ஆர்.கே.புரம் பக்கம் இருப்பவர்களுக்கு மலை மந்திர் படிக்கட்டும் இருக்கிறது, மதியம் நடை சாத்தும் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு இருட்டு இன்னொரு தடை

மாலை 5.30-க்கு இருட்டிவிடும் ஊரில், 7 மணிக்கு ஆபீஸ் முடியும் பெண்ணிடம் 'பார்க்கில் நடந்துட்டு வாங்க' என்பது எளிதாகச் சொல்லக்கூடிய யோசனை இல்லை. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இல்லாத பூங்காவைத் தவிர்ப்பது சோம்பேறித்தனமாகாது. 57-க்கும் 42-க்கும் இடையிலான அந்த 15 சதவீத வித்தியாசத்துக்கு இந்த மாதிரித் தடைகளும் ஒரு காரணம்.

அதனால் மதிய இடைவேளை நடை இங்கே இன்னும் முக்கியமாகிறது. டீமில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அது காலண்டரில் ஒரு மீட்டிங் மாதிரி நிலைத்துவிடும். மேனேஜராக இருப்பவர்கள் குளிர்கால மாதங்களில் 1.30 முதல் 2.30 வரை மீட்டிங் வைக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

வீட்டுக்குள் செய்தால் பாதுகாப்பா?

ஜன்னலை மூடினால் மட்டும் காற்று சுத்தமாகிவிடாது. ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள், தாளிப்புப் புகை எல்லாம் உள்ளேயே சேரும். ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையர் இருந்தால், கதவைச் சாத்தி அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். அறையின் அளவுக்கு ஏற்ற மெஷினா என்றும் பாருங்கள். ஜிம்மில் சேர்வதாக இருந்தால், ட்ரெட்மில் எத்தனை என்பதோடு காற்றைச் சுத்தப்படுத்த என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.

கரி அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடாக்குவது வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும், அதற்கு மணம் கிடையாது.

மாஸ்க் விஷயத்தில், துணி மாஸ்க் இந்தத் துகள்களுக்குப் போதாது. முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 நடைக்குச் சரி. ஓடும்போது வியர்வையில் நனைந்து மூச்சு விடவே கஷ்டமாகிவிடும்.

குளிரில் உடம்பு கேட்கும் கவனம்

குளிரில் ரத்த நாளங்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் கூடும். அதனால் கிளம்புவதற்கு முன் வீட்டுக்குள்ளேயே 5 முதல் 10 நிமிடம் கை கால்களை அசைத்து உடம்பைச் சூடாக்குங்கள். ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட, கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளக்கூடிய இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த, வறண்ட காற்றே இழுப்பைத் தூண்டலாம். டாக்டர் சொன்ன இன்ஹேலர் கையில் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. குளிர்காலத்தில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கியிருந்தால், பழக்கதோஷத்தில் 5.30-க்கே எழுந்து ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பி.பி, சர்க்கரை, இதயப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அந்த நேரத்தின் குளிரும் மாசும் உங்களைவிட அதிக ஆபத்து. அவர்களுக்கு ஆபீஸும் கிடையாது. காலைக் காபியை வீட்டிலேயே நிதானமாகக் குடித்துவிட்டு, மதியம் வெயிலில் நடக்கச் சொல்லுங்கள். முதல் நாள் கேட்க மாட்டார்கள். 'இங்கே மதியம் 3 மணிதான்ப்பா நம்ம ஊர் காலை 6 மணி' என்று சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள்.